மெலிந்த குரலைச் சுமக்கும் கருவி

பிள்ளைகளில் ஒருவரையேனும் கடல் கடந்த நாட்டிற்கு அனுப்பிவைக்காத குடும்பம் நம் பங்குகளில் இன்று அரிது. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நம் மக்கள் பரவி வாழ்கின்றனர். அவர்களையும் நம்மையும் பிணைத்து வைத்திருப்பது கைபேசி என்னும் மெல்லிய இழை. அவ்விழை நலிந்துபோகும் இடங்களில் அதற்கு வலுவூட்டும் சிறு கருவி ஒன்றினை எங்கள் மகனுடைய வண்டியில் பொருத்தியபோது நாங்களும் உடனிருந்து உதவினோம். அக்கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது, அதனை வைத்திருப்போர்க்குரிய கடமை யாது என்பவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். கருவியைப் பற்றிப் பேசும்போது குடும்பத்தைப் பற்றியும் பேச நேரும். அதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

‘பூஸ்டர்’ என்ற சொல் நமக்குப் புதியதன்று. 1982-ஆம் ஆண்டு இலங்கையின் ரூபவாகினித் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர், தூத்துக்குடி, இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வீட்டு மாடிகளின்மேல் நெடிய குழாய்களை நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, கூடவே ஒரு பூஸ்டரையும் இணைத்துப் படம் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருப்புவார்; மற்றொருவர் சன்னல் வழியே, “வருது, வருது... போயிட்டு!” என்று கூவுவார். பூஸ்டரைக் கூட்டினால் படம் தெளியும். அதனோடு புள்ளிகளும் பெருகும். கடலுக்கு அப்பாலிருந்து அலை வராத நாளில், எவ்வளவு கூட்டினாலும் திரையில் புள்ளிகளே நிறைந்திருக்கும். இவ்வனுபவத்தை உடையவர்கள் இக்கட்டுரையின் பாதியை முன்னரே அறிந்தவர்கள் எனலாம்.

தனிமைச் சாலை

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கலிஃபோர்னியா மாநிலத்தின் தலைநகராகிய சாக்ரமெண்டோவில் வாழும் மகன் வீட்டில் நாங்கள் இருவரும் தங்கியிருந்தோம். மகனும் மருமகளும் பழைய வேன் ஒன்றினை வாங்கி, அதனுள் படுக்கையும் சிறு அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்து, அதனை ஓடும் வீடாக மாற்றியிருந்தனர். ‘கேம்பர் வேன்’ என்று அந்நாட்டார் அதனைக் கூறுவர். அவ்வண்டியில் நெவாடா மாநிலத்தைக் குறுக்கே கடந்து, அதன் கிழக்கு எல்லையிலுள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்கா வரை சென்று வருவது என்பது பேரப்பிள்ளைகளின் நெடுநாள் விருப்பம்.

அச்சாலையின் பெயர் ‘நெடுஞ்சாலை 50’. சாக்ரமெண்டோவை அடுத்த மேற்குச் சாக்ரமெண்டோவில் தொடங்கி, அட்லாண்டிக் கரையிலுள்ள ஓஷன் சிட்டி வரை சுமார் 4,800 கிலோமீட்டர் நீள்கின்றது. அதில் நெவாடாப் பகுதியை 1986-ஆம் ஆண்டு ‘லைஃப்’ என்னும் இதழ் அமெரிக்காவிலேயே மிகத் தனிமையான சாலை என்று வருணித்தது. ஃபாலன் என்னும் ஊரை விட்டால் ஆஸ்டின் வரை ஏறத்தாழ 175 கிலோமீட்டர். ஆஸ்டினிலிருந்து யுரேகா 110. அங்கிருந்து ஈலி 125. இடையில் ஊர் என்று சொல்லத்தக்கது அரிது. ஒரு மலைத்தொடர், பின்பு ஒரு பள்ளத்தாக்கு, மீண்டும் ஒரு மலைத்தொடர் என்று நிலம் அலையலையாய் எழுந்து தாழ்கின்றது. மேட்டில் ஏறினால் கைபேசியில் அலை எட்டிப் பார்க்கும். பள்ளத்தில் இறங்கினால் மறைந்துவிடும்.

செய்தி சுமந்து செல்வதற்கு இச்சாலை பழகிய பாதையே. 1860-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், மிசூரி மாநிலத்தில் புனித சூசையப்பரின் பெயரைத் தாங்கிய நகரிலிருந்து சாக்ரமெண்டோவுக்குக் குதிரைத் தபால் தொடங்கியது. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவைக் குதிரைகளையும் ஆட்களையும் மாற்றி மாற்றிப் பத்து நாட்களில் கடந்தனர். நெவாடாவில் அக்குதிரைகள் ஓடிய தடம் இன்றைய நெடுஞ்சாலைக்கு மிக அருகே செல்கின்றது. 1861 அக்டோபரில் கண்டத்தைக் குறுக்கே கடந்த தந்திக் கம்பி இணைந்ததும் குதிரைத் தபால் நின்றுபோயிற்று. பத்து நாட்கள் காத்திருந்து கடிதம் பெற்ற மக்கள் வாழ்ந்த நிலத்தில், பத்து நொடி தாமதித்தால் பொறுமையிழக்கும் நாம் பயணம் செய்தோம்.

எனினும் எங்கள் கவலைக்குக் காரணம் இருந்தது. எங்கள் தாயாருக்கு அப்போது வயது 86. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள கடற்கரை ஊரில் தங்கையின் பராமரிப்பில் இருந்தார். இரத்த அழுத்தமும் நெஞ்சுக் கோளாறும் உண்டு. பயணத்தை விட்டுவிடலாமா என்று ஆலோசித்தோம். தாயாரோ, “பிள்ளைகளுக்கு வாக்குக் குடுத்தாச்சுல்லா, போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். தங்கை மட்டும், “அண்ணே, கூப்பிட்டா கிடைக்கணும், அது போதும்” என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே மகன் அக்கருவியை வாங்கினான்.

கருவியின் அமைப்பு

வாகனத்திற்குரிய அலைபெருக்கியில் முக்கியமான பகுதிகள் மூன்று. வண்டியின் கூரைமேல் நிற்கும் வெளி ஆன்டெனா முதலாவது. உள்ளே இருக்கும் பெருக்கிப் பெட்டி இரண்டாவது. கைபேசிக்கு அருகே வைக்கும் உள் ஆன்டெனா மூன்றாவது. தொலைவிலுள்ள டவரிலிருந்து வரும் மெலிந்த அலையை வெளி ஆன்டெனா பிடிக்கின்றது. பெட்டி அதனைப் பெருக்குகின்றது. உள் ஆன்டெனா கைபேசிக்கு அளிக்கின்றது. நாம் பேசும்போது இதே வேலை மறுதிசையில் நடைபெறுகின்றது. தொலைக்காட்சிப் பூஸ்டருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே: அது கேட்க மட்டும் உதவியது, இது கேட்கவும் பேசவும் உதவுகின்றது.

வண்டிக்குள் அலை நலிவதற்கு ஒரு காரணம் வண்டியேதான். இரும்புத் தகட்டாலான கூடு வானலைகளைப் பெருமளவு தடுத்துவிடும். கைபேசியின் ஆன்டெனாவோ விரலளவுகூட இல்லாதது. டவர் தொலைவிலிருக்கும்போது கைபேசி தன் முழு வலிமையையும் செலவிட்டுக் கூவுகின்றது. அதனால் மின்கலமும் விரைவில் தீர்ந்துபோகின்றது. கூரைமேல் நிற்கும் ஆன்டெனா இவ்விரு குறைகளையும் ஓரளவு நீக்குகின்றது. உண்மையில் கருவியின் பயனில் பெரும்பகுதி அந்த ஆன்டெனா நிற்கும் இடத்தையே பொறுத்தது.

மகன் வண்டியின் கூரை உயர்த்திக் கட்டப்பட்ட கண்ணாடியிழைக் கூரை. காந்த அடி கொண்ட ஆன்டெனா அதில் ஒட்டாது. மேலும், அவ்வகை ஆன்டெனா நன்கு இயங்க அதன் அடியில் ஓர் உலோகப் பரப்பு வேண்டும். ஆகவே வட்டமான இரும்புத் தகடு ஒன்றினைக் கூரையில் பசையிட்டு ஒட்டி, அதன்மேல் ஆன்டெனாவை நிறுத்தினோம். சூரிய மின்தகடுகளின் நிழல் படாதவாறு, மறைப்பு எதுவும் இல்லாத இடத்தைத் தேர்ந்தோம். கம்பியை உள்ளே கொண்டுவரக் கூரையில் துளையிடவில்லை. பின்கதவின் இரப்பர் விளிம்பின் ஊடாக நுழைத்தோம். கம்பி நீளநீள அலை அதிலேயே தேய்ந்துபோகும் என்பதால், தேவைக்கு மிஞ்சிய நீளம் ஆகாது. கூர்மையாக மடிக்கவும் ஆகாது.

பெருக்கிப் பெட்டி 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்குவது. வேலை செய்யும்போது சூடாவது. எனவே துணிமணிகளுக்கு இடையே திணிக்காமல், இருக்கையின் அடியில் காற்றோட்டமான இடத்தில் வைத்தோம். உள் ஆன்டெனாவைப் படுக்கையின் தலைமாட்டில் பொருத்தினோம். அதன் பயன் ஓரிரு அடி தொலைவுக்கே உண்டு. வண்டி முழுவதும் பரவும் என்று எண்ணுவது தவறு. கைபேசியை அதனருகே வைக்க ஒரு சிறு தட்டினை மருமகள் அமைத்தாள்.

இதில் எல்லாவற்றினும் கவனிக்கத்தக்கது வெளி ஆன்டெனாவுக்கும் உள் ஆன்டெனாவுக்கும் இடையிலான தொலைவு. நம் ஆலயங்களில் மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பதை அனைவரும் அறிவோம். மறையுரையின் நடுவே ஊளைச் சத்தம் எழும், கோவில்பிள்ளை ஓடிவருவார். அதே காரியம் இங்கும் நிகழ்கின்றது. உள் ஆன்டெனா விடுக்கும் அலையை வெளி ஆன்டெனா மீண்டும் பிடித்து, பெட்டி அதனை மீண்டும் பெருக்கி, கருவி தன் குரலையே தான் கேட்டுச் சுழலத் தொடங்கும். அப்போது பெட்டியிலுள்ள விளக்கு நிறம் மாறி எச்சரிக்கும். கருவி தன் வலிமையைக் குறைத்துக்கொள்ளும், அல்லது நின்றுவிடும். இரும்புக் கூரையாயின் அது நடுவே சுவர்போல் நின்று தடுக்கும். கண்ணாடியிழை தடுக்காது. ஆகையால் ஓர் ஆன்டெனாவை வண்டியின் முன்பகுதிக் கூரையிலும், மற்றதைப் பின்பகுதியில் தாழ்வாகவும் வைத்துப் பார்த்து, விளக்கு பச்சையாக நிலைத்த பின்னரே கம்பிகளை இறுகக் கட்டினோம்.

பலனை அளக்கக் கைபேசித் திரையிலுள்ள கோடுகளை நம்பலாகாது. கைபேசியின் அமைப்புப் பக்கத்தில் எண்ணாகவே பார்க்கலாம். அந்த எண் கழித்தல் குறியோடு வரும். சுழியை நோக்கி நெருங்கநெருங்க அலை வலிது. கழித்தல் 120 என்றால் உயிர் ஊசலாடுகின்றது என்று பொருள். மூன்று டெசிபெல் கூடினால் வலிமை இருமடங்காகும்; பத்துக் கூடினால் பத்து மடங்காகும். அமெரிக்காவில் எல்லா நிறுவனங்களின் அலைகளுக்கும் பொதுவாக, ஓடும் வாகனத்தில் பயன்படும் கருவிக்கு அரசு அனுமதித்துள்ள பெருக்கம் அதிக அளவாக 50 டெசிபெல். அதாவது ஒரு இலட்சம் மடங்கு. கேட்க மலைப்பாக இருக்கும். ஆயினும், பெருக்கியும் கம்பியும் தாண்டிக் கைபேசிக்குக் கிட்டும் நன்மை அதனிலும் மிகக் குறைவே. அலை நன்றாயுள்ள நகரத்தில் இக்கருவி இணைய வேகத்தைக் கூட்டாது. சில வேளை குறைக்கவும் செய்யும். மெலிந்த இடத்திற்கே இது மருந்து.

சட்டமும் பிறரன்பும்

பெட்டியின்மேல் ஓர் எச்சரிக்கை ஒட்டப்பட்டிருந்தது. அமெரிக்க மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் 2013-ஆம் ஆண்டு வகுத்த விதிகளின்படி அமைந்தது அது. கருவியை இயக்குமுன் தம் கைபேசிச் சேவை நிறுவனத்திடம் பதிவு செய்து அதன் இசைவைப் பெற வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஆன்டெனாவையும் கம்பியையுமே பயன்படுத்த வேண்டும். ஆன்டெனா எந்த மனிதரிடமிருந்தும் குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஆணையமோ சேவை நிறுவனமோ நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும். அவசர உதவி எண்ணை அழைக்கும்போது, இக்கருவியின் வழியாகச் சென்ற அழைப்பில் நாம் இருக்கும் இடம் சரியாகத் தெரியாமற்போகலாம் என்றும் அது கூறியது. இதனால் ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் பெயரையும் சாலையின் மைல் எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் இருக்கைக்கு மேல் ஒட்டிவைப்பதைப் பேரனின் கடமையாக்கினோம்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று தோன்றலாம். டவர் என்பது பலரும் கூடிப் பேசும் மண்டபம் போன்றது. அதில் ஒருவர் மட்டும் ஒலிபெருக்கியை வைத்துக் கத்தினால் ஏனையோர் குரல் அமுங்கிப்போகும். முறையற்ற பூஸ்டர் ஒன்று தவறாக இயங்கினால், அவ்வட்டாரத்திலுள்ள பலருடைய அழைப்புகள் கெடும். அவர்களுள் ஆம்புலன்சை அழைப்பவரும் இருக்கலாம். நம் குரலை உயர்த்துவதற்காக அயலாரின் குரலை அமுக்குவது பிறரன்புக்கு ஒவ்வாது. சட்டம் இங்கே பிறரன்பின் காவலாய் நிற்கின்றது.

நம் வாசகர்கள் ஒன்றனைத் தெளிவாக அறிய வேண்டும். நம் நாட்டின் விதி இன்னும் கடுமையானது. உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்கள் தவிர, தனியார் இத்தகைய கருவியை வாங்குவதும் விற்பதும் பொருத்துவதும் சட்டத்திற்குப் புறம்பானவை. 2022 ஜூலையில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை இதனைப் பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. ஆகவே கடையில் மலிவாகக் கிடைக்கின்றது என்று ஒன்றினை வாங்கி மாடியில் கட்ட வேண்டா. வீட்டில் அலை நலிந்திருந்தால் சேவை நிறுவனத்திடம் முறையிடலாம். வீட்டில் இணைய இணைப்பு உண்டெனில், ‘வைஃபை’ வழியாகவே சாதாரண அழைப்புகளைப் பெறும் வசதி பல கைபேசிகளில் உள்ளது. அதனை இயக்கிவைக்கப் பிள்ளைகள் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

இரவில் வந்த அழைப்பு

இரண்டாம் நாள் மாலை ஆஸ்டின் ஊரைக் கடந்தோம். ஒருகாலத்தில் வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த மலையூர் அது. 1866-இல் கட்டப்பட்ட புனித அகுஸ்தினார் ஆலயம் அங்கே செங்கற் சுவர்களோடு நிற்கின்றது. சுரங்கத்து வெள்ளி தீர்ந்தது. மக்களும் பெரும்பாலோர் அகன்றனர். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் கிழக்கே ஹிக்கிசன் என்னும் இடத்தில் இரவு தங்கினோம். அங்குள்ள பாறைகளில் பழங்குடி மக்கள் முற்காலத்தில் செதுக்கிய குறிகள் காணப்படுகின்றன. யாருக்கு என்ன சொல்ல அவர்கள் செதுக்கினரோ, பேரப்பிள்ளைகள் அவற்றைச் சுற்றிச்சுற்றி வந்தனர்.

இருட்டுமுன் மகன் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்து பார்த்தான். கையை உயர்த்திப் பிடித்தும் சேவை இல்லை என்றே காட்டியது. வண்டிக்குள் வந்து கருவியை இயக்கித் தட்டின்மேல் வைத்தபோது, ஒரு கோடு வந்தது, போயிற்று, மீண்டும் வந்து நின்றது. கைபேசியை அங்கேயே விட்டு இரவுச் செபம் சொல்லிப் படுத்தோம்.

இரவு ஒன்பதரை மணிக்கு அது ஒலித்தது. ஊரில் அப்போது காலை பத்து மணி. தங்கையின் குரல் நடுங்கியது. “அண்ணே, அம்மா விடிய செபத்துக்கு எந்திரிச்சவ வழுக்கி விழுந்துட்டா. இடுப்பெலும்பு முறிஞ்சிருக்காம். ரெண்டு நாளைக்குள்ள ஆபரேசன் பண்ணணுமாம். நெஞ்சு தாங்குமான்னு டாக்டரே யோசிக்காரு. கையெழுத்துப் போடச் சொல்லுறாவ. மதினிகிட்டயும் கேட்டுச் சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு.”

கைபேசியை அந்தத் தட்டிலிருந்து எடுக்காமலே நாங்கள் எல்லாரும் அதனைச் சூழ்ந்து மண்டியிட்டிருந்தோம். எடுத்தால் குரல் போய்விடும். ஒருவர்பின் ஒருவராகக் குனிந்து பேசினோம். மருத்துவரே சில நிமிடங்கள் பேசினார். அறுவை செய்தால் ஆபத்து உண்டு. செய்யாமல் படுக்கையில் விட்டால் ஆபத்து மிகுதி என்று விளக்கினார். இறுதியில் தாயாரிடம் கொடுத்தார்கள். அவர் குரல் எப்போதும் மெலிந்தது. வலியில் இன்னும் மெலிந்திருந்தது. “எய்யா, சாப்பிட்டியளா? பிள்ளைகள் உறங்கிட்டா? எனக்கு ஒண்ணுமில்ல. சாமியார வரச் சொல்லு, பொறவு டாக்டர் சொன்னத செய்யட்டும்” என்றார். எங்கள் முடிவை அவரே எடுத்துவிட்டார். “நீ கையெழுத்துப் போடு தங்கச்சி, என்ன வந்தாலும் அது நம்ம எல்லாருடைய கையெழுத்து” என்று தங்கையிடம் சொன்னோம். அதன்பின் அவள் குரலில் நடுக்கம் இல்லை.

அன்றே பங்குத் தந்தை மருத்துவமனைக்குச் சென்று நோயில் பூசுதல் அளித்துத் திவ்விய நன்மையும் கொடுத்தார் என்று பின்னர் அறிந்தோம்.

நற்செய்தியில் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்து, கூட்டத்தால் வழி அடைபட்டிருக்கக் கண்டு, கூரையைப் பிரித்து இயேசுவின்முன் இறக்கிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். அந்நால்வரும் அவனைக் குணமாக்கவில்லை. குணமாக்கும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை. தானாக வர இயலாதவனை வரவேண்டிய இடத்திற்குக் கொண்டுவந்தனர், அவ்வளவே. கூரைமேல் நாங்கள் நிறுத்திய அக்கருவியும் அவ்வளவே செய்தது. தாயாரின் சொல்லை அது உண்டாக்கவில்லை. மெலிந்திருந்த சொல்லைச் சுமந்து வந்தது.

அலை எட்டாத மலை

மறுநாள் சுமார் 200 கிலோமீட்டர் கடந்து ஈலி நகரை அடைந்தோம். அங்கே அலை நன்றாக இருந்தது. அறுவை முடியும்வரை அவ்வூரை விட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்தோம். பூங்காவில் ஒரு நாள் குறைந்துபோவதைப் பேரப்பிள்ளைகள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டனர். மாலையில் ஈலியின் கத்தோலிக்க ஆலயத்தில் அமர்ந்து செபமாலை சொன்னோம். ஊரில் காலை எட்டு மணிக்குத் தாயாரை அறுவை அறைக்குக் கொண்டுசென்றனர். எங்களுக்கு அப்போது மாலை ஏழரை. பத்தரை மணிக்குச் செய்தி வந்தது: அறுவை முடிந்தது, நினைவு திரும்பியது, தண்ணீர் கேட்டார்.

அதன்பின் மலைக்குச் சென்றோம். கிரேட் பேசின் 1986-ஆம் ஆண்டு தேசியப் பூங்கா ஆனது. அதன் உயர்ந்த முடியாகிய வீலர் சிகரம் 13,065 அடி. அதன் சரிவில் பிரிசில்கோன் என்னும் பைன் மரங்கள் காற்றிலும் பனியிலும் முறுகி நிற்கின்றன. 1964-ஆம் ஆண்டு அங்கே வெட்டப்பட்ட ஒரு மரத்தின் வளையங்களை எண்ணியபோது அதன் வயது 4,800 ஆண்டுகளுக்கு மேல் என்று தெரிந்தது. ஆபிரகாம் ஊர் நகரை விட்டுப் புறப்படுமுன்னரே முளைத்த மரம் அது.

நாங்கள் தங்கிய இடத்தில் கைபேசியும் ஊமையாயிற்று, கருவியும் ஊமையாயிற்று. பச்சை விளக்கு எரிந்தது. ஆயினும் சேவை இல்லை. இல்லாததை ஒரு இலட்சம் மடங்கு பெருக்கினாலும் இல்லாததே. இதனை முன்பே அறிந்திருந்ததால், தங்கையிடம் சொல்லிவிட்டே ஏறினோம்: “இரண்டு இரவு நாங்கள் கிடைக்கமாட்டோம். நீ செய்வதே எங்கள் சொல்.” அவள், “போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். அந்த நம்பிக்கையின்மேல் அவ்விரு இரவுகளும் அமைதியாய்க் கழிந்தன. நகரத்து ஒளி படாத அந்த வானத்தில் பால்வெளியைப் பேரப்பிள்ளைகள் முதன்முறையாகக் கண்டனர். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2012-ஆம் ஆண்டு உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு மௌனத்தையும் சொல்லையும் பொருளாகத் தேர்ந்தது ஏன் என்பது அங்கே எங்களுக்குச் சற்றே விளங்கியது. மௌனம் என்பது தொடர்பு அறுந்த நிலை அன்று. ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை இருக்குமாயின் அதுவும் ஒரு தொடர்பே.

நவம்பரில் ஊர் திரும்பினோம். தாயார் நடைச்சட்டத்தைப் பிடித்து வாசல்வரை வந்து நின்றார். அதன்பின் பதினொரு மாதங்கள் அவரருகே இருக்கும் பேறு எங்களுக்குக் கிட்டியது. 2024 அக்டோபரில், செபமாலை மாதத்தில், பிள்ளைகள் எல்லாரும் சூழ்ந்திருக்க ஆண்டவரிடம் சென்றார். கடைசி நாட்களில் அவர் உதடுகள் அசைந்தனவே அன்றிக் குரல் வெளிவரவில்லை. செவியை அவர் வாயருகே வைத்துக் கேட்டோம். அத்தனை அருகில் இருப்போர்க்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

1931-ஆம் ஆண்டு மார்க்கோனியின் துணையோடு வத்திக்கான் வானொலியை அமைத்துத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தொடங்கிவைத்தார். 1951-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் பத்திநாதர், தொலைத்தொடர்புத் துறைக்கு அதிதூதர் கபிரியேலைப் பாதுகாவலராக அறிவித்தார். திருச்சபை இக்கருவிகளைக் கண்டு அஞ்சியதில்லை. நாசரேத்தில் தூதுரைத்த கபிரியேல் தம் சொல் எதனையும் சேர்க்கவில்லை; அனுப்பியவரின் சொல்லை உரியவரிடம் சேர்ப்பித்தார். தூதுக்கு அதுவே இலக்கணம், கருவிக்கும் அதுவே.

வெளிநாட்டில் பிள்ளைகளும் ஊரில் முதியோரும் வாழும் குடும்பங்கள் சிலவற்றைச் செய்துவைப்பது நன்று. நெருக்கடி வந்தால் உடனிருந்து முடிவெடுப்பவர் யார் என்பதை நல்ல நாளிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எல்லாரும் துணை நிற்பீர்கள் என்பதை அவர் காதுபடச் சொல்லுங்கள். முதியவர் உண்ணும் மருந்துகளின் பெயரையும் மருத்துவரின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி எல்லாரும் வைத்திருங்கள். பயணம் செல்வோர் எந்த நாள், எந்த இடத்தில் தொடர்பு இராது என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள். இவ்வளவும் செய்யக் காசு செலவில்லை, கருவியும் தேவையில்லை.

அதற்குமேல் ஒன்று உண்டு. பூஸ்டர் உள்ளதையே பெருக்கும், இல்லாததை உண்டாக்காது. வாரக்கணக்கில் பேசாத வீட்டில், பேசினாலும் பணத்தைத் தவிர வேறொன்றும் பேசாத வீட்டில், எத்துணை வலிய அலை வந்தும் பயன் என்ன? இன்றிரவு செபமாலை முடிந்ததும் தொலைவிலிருக்கும் தாயையோ தந்தையையோ அழைத்து, “சாப்பிட்டீர்களா?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை முடியும்வரை கேளுங்கள். மெலிந்த குரல்களுக்கெல்லாம் செவிசாய்க்கும் ஆண்டவர், நம் வீடுகளிலும் அத்தகைய செவிகளைத் தந்தருள்வாராக.